கண்ணாடிப் பேழையுள் ஒரு வர்க்கத்தின் வரலாறு: ஓல்ட் ட்ரபோர்ட் உதைபந்தாட்ட நூதனசாலையை முன்வைத்துச் சில சிந்தனைகள்

விளையாட்டுக்களும், கலை இலக்கியங்களைப் போன்றே, குறிப்பிட்ட சமூக உறவுகளின் அடியாகத் தோன்றி, அவ்வுறவுகள் மாறுந்தோறும் தாமும் மாறி வருவன. இவ்வுண்மை கொள்கையளவிற் பலராலும் ஒப்புக்கொள்ளப்படுவதே. ஆயினும், நம்மிடையே விளையாட்டைப் பற்றிய எழுத்து இன்னும் பெரும்பாலும் ஆட்ட முடிவுகளையும் தனிப்பட்ட வீரர்களின் சாதனைகளையும் பட்டியலிடுவதோடு நின்றுவிடுகின்றது. கூத்தையும் நாட்டார் பாடலையும் சமூகவியல் நோக்கில் ஆராயும் நாம், உலகெங்கும் உழைக்கும் மக்கள் தம் ஓய்வையும் உணர்ச்சிகளையும் பெருமளவில் ஈடுபடுத்தியுள்ள உதைபந்தாட்டத்தை ஆய்வுக்கு ஒவ்வாத பொருளென ஒதுக்குவதற்கு நியாயம் எதுவுமில்லை.

உதைபந்தாட்டத்தின் முழு வரலாற்றையும் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. இங்கிலாந்தின் வடமேற்கே, மஞ்செஸ்ரர் நகரை அடுத்துள்ள ஓல்ட் ட்ரபோர்ட் விளையாட்டரங்கில் மஞ்செஸ்ரர் யுனைற்றெட் கழகம் அமைத்துள்ள நூதனசாலையை எடுத்துக்கொண்டு, ஒரு கழகத்தின் கடந்தகாலம் எவ்வாறு ‘மரபுரிமை’ ஆக்கப்படுகின்றது என்பதை விளக்குவதே எமது நோக்கமாகும். இந்நூதனசாலை 1986ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. பின்னர் விரிவாக்கப்பட்டு, அரங்கின் வடபுறப் பார்வையாளர் மாடத்துக்கு மாற்றப்பெற்று, 1998 ஏப்ரிலில் பிரேசில் நாட்டு வீரர் பெலேயினால் திறந்துவைக்கப்பட்டது. இன்று ஐரோப்பியப் பெருங்கழகங்கள் பலவும் இத்தகைய நூதனசாலைகளை நடத்திவருகின்றன. கட்டணம் செலுத்தி உட்செல்லும் பார்வையாளர், கிண்ணங்களைக் கண்டு, வீரர் உடைமாற்றும் அறையில் நின்று, அவர் மைதானத்துக்கு இறங்கும் வழியே தாமும் நடந்து பார்க்கின்றனர்.

மரபுரிமை என்னுஞ் சொல் இரு கூறுகளைக் கொண்டது. மரபு ஒன்று, உரிமை மற்றொன்று. மரபை உருவாக்கியவர்களும் அதன்மீது உரிமை செலுத்துபவர்களும் ஒரே மக்கட் பிரிவினர்தாமா என்ற வினாவை எழுப்பாமல் ஒரு நூதனசாலையைப் பார்த்து வருவது, ஏட்டைப் புரட்டிவிட்டு நூலைக் கற்றதாகக் கொள்வதை ஒக்கும். ஓல்ட் ட்ரபோர்ட்டைப் பொறுத்தவரையில் இவ்வினா வெறும் கொள்கை விவகாரமாக நின்றுவிடவில்லை. கடந்த இருபது ஆண்டுகளில் அது தெருவிலும் மைதானத்திலும் கேட்கப்பட்ட வினாவாகும்.

1. சனிக்கிழமைப் பிற்பகலின் வரலாறு

நூதனசாலைக் கதை பெரும்பாலும் ஒரு கழகம் தோன்றிய ஆண்டிலிருந்து தொடங்கும். வரலாறோ அதற்கு முன்னரே தொடங்கிவிடுகின்றது. நவீன உதைபந்தாட்டத்தின் விதிகளை வகுத்து, 1863ஆம் ஆண்டு லண்டனில் உதைபந்தாட்டச் சங்கத்தை நிறுவியவர்கள், செல்வக் குடும்பத்தினர் பயிலும் பாடசாலைகளிற் கற்ற கனவான்களாவர். அவர்களுக்கு ஆட்டம் ஒரு குணநலப் பயிற்சி. அதற்காகக் கூலி பெறுவது இழிவு. ஆனால், ஆட்டத்தை மக்கள் ஆட்டமாக்கியவர்கள் லங்காஷயர் முதலான வடபகுதிகளின் ஆலைத் தொழிலாளரே.

இம்மாற்றத்துக்கு அடிப்படையாயிருந்தது நேரம். பிரெடரிக் ஏங்கெல்ஸ் தமது தந்தையார் பங்கு கொண்டிருந்த பருத்தி ஆலையிற் பணிபுரிய மஞ்செஸ்ரருக்கு வந்து, அங்கு கண்டவற்றை ஆதாரமாகக் கொண்டு இங்கிலாந்துத் தொழிலாளர் நிலை பற்றிய நூலை எழுதி 1845இல் வெளியிட்ட வேளையில், ஆலைத் தொழிலாளர்க்கு விளையாடுவதற்கென ஒரு பொழுது இருக்கவில்லை. நீண்ட போராட்டங்களின் பின்னர் இயற்றப்பெற்ற 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளிற் பெண்களினதும் இளைஞர்களினதும் வேலையைச் சனிக்கிழமைகளிற் பிற்பகல் 2 மணியோடு நிறுத்தவேண்டுமென விதித்தது. அவர்களின்றி ஆலை இயங்காதாகையால் வளர்ந்த ஆண் தொழிலாளரும் அவ்வரைநாள் ஓய்வைப் படிப்படியாகப் பெற்றனர். இங்கிலாந்தில் ஆட்டங்கள் சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும் வழக்கம் இவ்வாறு உருவாயிற்று. இன்று மரபெனப் போற்றப்படும் அவ்வழக்கத்தின் வேர், வேலைநேரத்தைக் குறைப்பதற்காக நடந்த வர்க்கப் போராட்டத்தில் இருக்கின்றது என்பது மனங்கொள்ளத்தக்கது.

1883ஆம் ஆண்டு நெசவாளரும் பிற கைத்தொழிலாளரும் அடங்கிய பிளக்பேர்ண் ஒலிம்பிக் அணி, ஈற்றன் பாடசாலையின் பழைய மாணவரது அணியை இறுதி ஆட்டத்தில் வென்று சங்கக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. அதன் பின்னர் அக்கிண்ணம் கனவான்களின் கைக்கு மீளவேயில்லை. ஆட்டத்துக்குக் கூலி பெறுவதை 1885இற் சங்கம் வேண்டாவெறுப்பாக ஏற்றுக்கொண்டது. 1888இல் லீக் அமைக்கப்பெற்றபோது, அதிற் சேர்ந்த 12 கழகங்களும் இங்கிலாந்தின் வடபகுதியையும் நடுப்பகுதியையும் சேர்ந்த தொழில் நகரங்களுக்கே உரியனவாயிருந்தன.

இப்பின்னணியிலேயே மஞ்செஸ்ரர் யுனைற்றெட்டின் தோற்றத்தை நோக்குதல் வேண்டும். 1878ஆம் ஆண்டு நியூட்டன் ஹீத் என்னுமிடத்தில், லங்காஷயர் - யோர்க்ஷயர் புகையிரதக் கம்பனியின் பெட்டி, வண்டி கட்டும் பகுதியிற் பணியாற்றிய தொழிலாளர்கள் தமக்குள்ளே ஓர் அணியை அமைத்துக்கொண்டனர். அவர்களது முதல் மைதானம் புகையிரதப் பாதையை அடுத்திருந்த கரடுமுரடான நிலம். 1893இல் அவர்கள் மாறிச்சென்ற பாங்க் ஸ்ரீற் மைதானமோ இரசாயனத் தொழிற்சாலையின் புகை சூழ்ந்தது. அவர்கள் அணிந்த மேலங்கியின் நிறங்கள் பச்சையும் பொன்னும். இந்நிறங்களைப் பற்றிப் பின்னர் பேசவேண்டியிருத்தலின் வாசகர் இதனை நினைவிற் கொள்வது நன்று.

2. காட்சி ஒழுங்கும் அதன் பொருளும்

இலக்கிய மாணவர்க்கு நூதனசாலையும் ஒரு நூலைப் போன்றதே. அதற்கும் ஆசிரியன் உண்டு. தொடக்கமும் உச்சமும் முடிவும் உண்டு. எதனை விரித்துரைப்பது, எதனைத் தொட்டுச் செல்வது, எதனைக் கூறாது விடுவது என்ற தெரிவும் உண்டு. கழக நூதனசாலைகளின் பொது இலக்கணத்தைச் சில சொற்களிற் கூறலாம். எளிய தொடக்கம், கொடையாளி ஒருவரின் வருகை, ஒரு மாமனிதரான முகாமையாளர், ஒரு பேரிடர், அதிலிருந்து மீண்டெழுதல், ஈற்றிற் கிண்ணங்களின் ஒளி. நமது காப்பிய அமைப்போடு இதனை ஒப்பிட்டுப் பார்ப்போர் வேறுபாடுகளிலும் ஒற்றுமைகளையே மிகுதியாகக் காண்பர். பாட்டுடைத் தலைவனின் இடத்திற் கழகம் நிற்கின்றது.

இவ்வமைப்பில் ஏறத்தாழ எல்லாப் பொருள்களும் பண்பு மாறிவிடுகின்றன. வியர்வையில் ஊறிய மேலங்கி, சேறு படிந்த சப்பாத்து, அடிபட்ட பந்து ஆகியன உழைப்பின் கருவிகள். பேழைக்குள் வைக்கப்பட்டதும் அவை உழைப்பின் தடயத்தை இழந்து வழிபாட்டுப் பொருள்களாகின்றன. பண்டம் தன்னை உருவாக்கிய மனித உறவுகளை மறைத்துத் தானே உயிருடையதுபோல் தோற்றமளிக்கும் எனக் கார்ல் மார்க்ஸ் விளக்கியதன் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு, கிண்ணங்கள் வரிசையாய் நிற்கும் அறையெனலாம். அங்கு வெற்றி வெள்ளியாக நிற்கின்றது. வென்றவரின் வாரக்கூலி எவ்வளவு என்பதை எந்த வெள்ளியும் கூறுவதில்லை.

இக்கழகத்தின் பெயர் மாற்றம் பற்றி வழங்கும் கதை இதற்கு நல்லதோர் உதாரணம். நியூட்டன் ஹீத் கழகத்தின் அணித்தலைவர் ஹரி ஸ்ரபர்ட் வளர்த்த நாய் ஒருநாள் வழிதவறிச் சென்றது. அதன் வாயிலாக ஜோன் ஹென்றி டேவிஸ் என்னும் செல்வரின் தொடர்பு ஏற்பட்டது. அவர் கழகத்தைக் காத்தார் என்பது அக்கதை. கேட்போர் உள்ளத்தைக் கவரும் கதைதான். ஆனால் அதனடியில் இருந்த பொருளாதார நிலை வேறு. புகையிரதக் கம்பனியின் ஆதரவிலிருந்து விலகித் தொழில்முறைக் கழகமாகிய பின்னர், நுழைவுப் பணத்தை மட்டும் நம்பி ஆட்டக்காரர்க்குக் கூலி கொடுக்க இயலாது 1902 ஜனவரியில் கழகம் நீதிமன்றக் கட்டளையால் மூடப்படும் நிலையை அடைந்தது. டேவிஸ் மதுவடிசாலை முதலாளி. ஆயிரக்கணக்கான தொழிலாளர் வாரந்தோறும் கூடும் இடம் மதுவடிசாலை முதலாளிக்கு எத்துணை உகந்தது என்பதை விளக்கவேண்டியதில்லை. 1902 ஏப்ரிலில் மஞ்செஸ்ரர் யுனைற்றெட் என்ற பெயரும், சிவப்பு வெள்ளை நிறங்களும் வந்தன. தொழிலாளர் அணி முதலாளியின் கழகமாக மாறிய நிகழ்ச்சியை ஒரு நாயின் கதையாக நினைவிற் கொள்வது எளிது. அதனாலேயே அக்கதை நிலைத்தது.

3. ‘ஒதுக்கப்பட்டோர்’

இக்கழக வரலாற்றின் மிக முக்கியமான நிகழ்ச்சிகளுள் ஒன்று கிண்ணம் எதனையும் தந்ததன்று. 1901ஆம் ஆண்டு முதல் எந்த ஆட்டக்காரருக்கும் வாரத்துக்கு 4 பவுணுக்கு மேற் கூலி வழங்கலாகாது என்னும் உச்சவரம்பு நடைமுறையில் இருந்தது. திறமைமிக்க தொழிலாளி ஒருவரின் வாரக்கூலியிலும் இது கூடுதலே என்பது உண்மை. ஆனால் இவ்விடத்தில் எழுவது தொகை பற்றிய வினா மட்டுமன்று. ஒப்பந்தம் முடிந்த பின்னரும், கழகத்தின் இணக்கமின்றி ஆட்டக்காரர் வேறு கழகத்திற் சேர முடியாது. அவரை விற்றுப் பெறும் பணம் கழகத்துக்கே உரியது. தன் உழைப்புச் சக்தியை விற்கும் சுதந்திரம் ஆலைத் தொழிலாளிக்குப் பெயரளவிலேனும் இருந்தது. ஆட்டக்காரருக்கு அதுவும் இருக்கவில்லை.

1907 டிசம்பர் 2ஆந் திகதி மஞ்செஸ்ரர் இம்பீரியல் ஹோட்டலில் ஆட்டக்காரர் தொழிற்சங்கம் அமைக்கப்பெற்றது. அதனை முன்னின்று அமைத்தவர்களுள் முதன்மையானவர் பில்லி மெரடித். வேல்ஸ் நாட்டுச் சேர்க் என்னும் ஊரிற் பிறந்து, 12 வயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலைக்குச் சென்றவர் அவர். அவருடன் நின்றவர் யுனைற்றெட் அணித்தலைவர் சார்ளி ரொபேர்ட்ஸ். சங்கம் பொதுத் தொழிற்சங்கக் கூட்டமைப்போடு இணைய முற்பட்டபோது, ஆட்டக்காரர் ஏனைய தொழிலாளரோடு சேர்ந்து வேலைநிறுத்தத்தில் இறங்கக்கூடும் என உதைபந்தாட்டச் சங்கம் அஞ்சியது. 1909 கோடையில், தொழிற்சங்கத்தை விட்டு விலகாதோர் தடைசெய்யப்படுவர் என அறிவித்தது. நாடெங்கும் பெரும்பாலானோர் பணிந்தனர். மஞ்செஸ்ரர் யுனைற்றெட் ஆட்டக்காரர்கள் பணியவில்லை. அவ்வாண்டு ஏப்ரிலிற்றான் அவர்கள் கழகத்துக்கு முதன்முறையாகச் சங்கக் கிண்ணத்தை வென்று கொடுத்திருந்தனர். கூலி நிறுத்தப்பட்ட நிலையில், வேறிடத்தில் தாமே பயிற்சி செய்துகொண்டு, ‘ஒதுக்கப்பட்டோர் உதைபந்தாட்டக் கழகம் 1909’ எனப் பலகையில் எழுதிப் படமெடுத்துக்கொண்டனர். எவர்ட்டன் கழகத்தின் ரிம் கோல்மன் அவர்களோடு சேர்ந்து நின்றார்.

புதிய பருவம் தொடங்குவதற்கு முன்னாளில் உடன்பாடு ஏற்பட்டது. தொழிற்சங்கம் அங்கீகாரம் பெற்றது; ஆனால் பொதுத் தொழிற்சங்கக் கூட்டமைப்போடு கொண்ட தொடர்பை அது கைவிட நேர்ந்தது. வெற்றியும் தோல்வியும் கலந்த முடிவென்றே இதனைக் கூறுதல் வேண்டும். ஆட்டக்காரர் தம்மைத் தொழிலாளர் என உணர்ந்தனர். ஆயின் தொழிலாளர் வர்க்கத்தின் பேரியக்கத்திலிருந்து அவர்கள் பிரித்து வைக்கப்பட்டனர். கூலி உச்சவரம்பு 1961 வரையும் நீடித்தது. ஆட்டக்காரரைக் கழகத்தோடு பிணைத்த முறை சட்டத்துக்கு முரணானதென நீதிமன்றம் 1963இலேயே தீர்ப்பளித்தது. சார்ளி ரொபேர்ட்ஸ் இங்கிலாந்து அணிக்கு மூன்று முறை மட்டுமே ஆடினார். தொழிற்சங்க ஈடுபாடே அதற்குக் காரணம் எனக் கருதுவோர் பலர்.

1910 பெப்ரவரி 19ஆந் திகதி ஓல்ட் ட்ரபோர்ட்டில் நடந்த முதல் ஆட்டத்தில் இறங்கியவர்களுள் மெரடித், ரொபேர்ட்ஸ் உட்பட ஒதுக்கப்பட்டோர் பலர் இருந்தனர். டேவிஸ் அளித்த 60,000 பவுண் செலவில், கட்டடக் கலைஞர் ஆர்ச்சிபால்ட் லீச்சின் வரைபடத்தின்படி எழுந்த அரங்கு அது. கப்பற் கால்வாயையும் ட்ரபோர்ட் பார்க் தொழிற்பேட்டையையும் அடுத்து அமைந்தது. லிவர்பூலுக்கெதிரான அவ்வாட்டத்தில் யுனைற்றெட் 3க்கு 4 என்ற கோல் கணக்கில் தோற்றது. அரங்கின் முதல் கோலை அடித்தவர் சண்டி ரேர்ண்புல். அவரும் தொழிற்சங்கத்தில் உறுதியாய் நின்றவர். 1915இல் ஓர் ஆட்டத்தின் முடிவை முன்கூட்டியே பேசி வைத்த குற்றத்துக்காக வாழ்நாள் தடை பெற்றார். 1917இற் பிரான்சுப் போர்க்களத்தில் மாண்டார். கிண்ணம் வென்று தந்த கோல், வேலைநிறுத்தம், ஊழல், போர் ஆகிய நான்கும் ஒருவர் வாழ்விலேயே சேர்ந்திருப்பதை வீர வரலாறு விரும்புவதில்லை. சமூக வரலாற்றுக்கோ அச்சேர்க்கையே பொருள்.

இந்நகர்ப்புறத்திலேயே மக்கள் வரலாற்று நூதனசாலை என வேறொரு நிறுவனமும் உண்டு. தொழிற்சங்கப் பதாகைகளும் தொழிலாளர் இயக்க ஆவணங்களும் அங்கே பேணப்படுகின்றன. 1909ஆம் ஆண்டின் நிகழ்ச்சி எந்த நூதனசாலைக்கு உரியது? இரண்டுக்கும் உரியதே. ஆயினும் போராட்டம் ஓரிடத்திலும் விளையாட்டு மற்றோரிடத்திலுமாக நினைவு பிரிக்கப்படும்போது, ஒரே மனிதர் இரண்டாகப் பிளக்கப்படுகின்றார். கிண்ணத்தை மையமாகக் கொண்ட ஒழுங்கில் வேலைநிறுத்தத்துக்கு இயல்பான இடமில்லை. இடம் பெறினும் அது சுவையான இடைநிகழ்ச்சியாகவே அமையும்.

4. துயரமும் அதன் உடைமையும்

ஓல்ட் ட்ரபோர்ட்டின் நினைவுகளுள் மிக ஆழமானது மியூனிக் விபத்தாகும். 1958 பெப்ரவரி 6ஆந் திகதி, பெல்கிரேட்டில் ஆடித் திரும்பிய அணியினரை ஏற்றிய விமானம், மியூனிக்கில் உருகிய பனி படிந்த ஓடுபாதையில் மூன்றாம் முறை மேலெழ முயன்றபோது விபத்துக்குள்ளாயிற்று. 23 பேர் இறந்தனர். அவர்களுள் எண்மர் ஆட்டக்காரர், எண்மர் பத்திரிகையாளர். இளம் வீரர் டங்கன் எட்வேர்ட்ஸ் 15 நாட்கள் உயிருக்குப் போராடி மடிந்தார். அரங்கின் வெளிச்சுவரிலுள்ள மணிக்கூடு அந்நாளைப் பொறித்து நிற்கின்றது. 1968இல் முகாமையாளர் மற் பஸ்பியின் கீழ் அணி ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றமை, பத்தாண்டுகளில் நிகழ்ந்த மீட்சியாக உணரப்பட்டது. இவ்வுணர்ச்சி பொய்யானதன்று. அதனை எள்ளி நகையாடும் விமர்சனம் மக்களுக்கு அந்நியமானது, நமக்கும் அந்நியமானது.

ஆயினும் துயரத்தைப் போற்றும் நாம் துயருற்றோரின் வாழ்நிலையையும் கேட்டறிதல் வேண்டும். இறந்தவர்கள் கூலி உச்சவரம்பின் கீழ் ஆடியவர்கள். அப்போது பருவ காலத்தில் ஒருவர் பெறக்கூடிய மிக உயர்ந்த வாரக்கூலி 17 பவுண். பல்லாயிரக்கணக்கானோர் நுழைவுப் பணம் செலுத்திப் பார்த்த ஆட்டத்தை ஆடியவர் பெற்றது இதுவே. உயிர் தப்பியோருள் ஜொனி பெரியும் ஜக்கி பிளான்ச்பிளவரும் மீண்டும் ஆடவில்லை. ஆட்டக்காரரின் முதலீடு அவரது உடல் மட்டுமே. உடல் முறிந்தவிடத்து வாழ்வும் முறிகின்றது. விபத்தில் உயிர் தப்பியோருக்கும் இறந்தோரின் குடும்பத்தினருக்கும் உதவும் பொருட்டு ஓல்ட் ட்ரபோர்ட்டில் நிதியாட்டம் நடத்தப்பெற்றது 1998 ஓகஸ்ட்டில், அதாவது 40 ஆண்டுகள் கழிந்த பின்னர்.

விபத்துக்கு இரு மாதங்களின் பின்னர், 1958 ஏப்ரிலில், பில்லி மெரடித் காலமானார். ஆட்டக்காரர் தொழிற்சங்கத்தின் முன்னோடியான அவரது புதைகுழி 2001 வரையும் பெயர் பொறித்த கல் எதுவுமின்றியே கிடந்தது. நினைவைப் பேணுவதிலும் ஒரு வரன்முறை உண்டு. கழகத்தின் புகழோடு இயைந்து போகும் மரணம் மணிக்கூடாகின்றது. அதனோடு இயையாத வாழ்வு புல்லடியிற் கிடக்கின்றது.

பெண்களைப் பற்றியும் இங்கு ஒரு வார்த்தை கூறுதல் வேண்டும். முதலாம் உலகப் போர்க்காலத்தில் ஆயுதத் தொழிற்சாலைகளிற் பணியாற்றிய லங்காஷயர்ப் பெண்கள் அணிகளை அமைத்துப் பெருங்கூட்டத்தினர் முன் ஆடினர். 1921 டிசம்பரில் உதைபந்தாட்டச் சங்கம், தன் அங்கத்துவக் கழகங்களின் மைதானங்களிற் பெண்கள் ஆடுவதைத் தடைசெய்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்த தடை அது. மஞ்செஸ்ரர் யுனைற்றெட் தொழில்முறைப் பெண்கள் அணியொன்றை அமைத்தது 2018இலேயே. ஆலையின் சனிக்கிழமை ஓய்வு முதலிற் பெண்களின் வேலைநேரத்தைக் குறைத்த சட்டத்தால் வந்தது என்பதை எண்ணும்போது இவ்வரலாற்று முரணின் கூர்மை புலப்படும்.

5. பேழைக்கு வெளியே வந்த நிறங்கள்

மக்கள் உருவாக்கிய மரபு மூலதனத்தின் கையில் என்னவாகின்றது என்பதை அண்மைக்கால வரலாறு மிகத் தெளிவாக உணர்த்துகின்றது. 1991இற் கழகத்தின் பங்குகள் லண்டன் பங்குச்சந்தையில் விற்பனைக்கு வந்தன. 1992இற் பிரிமியர் லீக் அமைந்து தொலைக்காட்சிப் பணம் பெருகியது. 1998இல் றூப்பேர்ட் மர்டொக்கின் தொலைக்காட்சி நிறுவனம் 62.3 கோடி பவுணுக்குக் கழகத்தை வாங்க முற்பட்டது. இரசிகர்களின் எதிர்ப்பு வலுத்த நிலையில் 1999இல் அரசாங்கம் அதனைத் தடுத்தது. 2005இல் அமெரிக்க முதலாளி மல்கம் கிளேசர் 79 கோடி பவுண் மதிப்பில் கழகத்தைக் கைப்பற்றினார். அதற்காகப் பெறப்பட்ட கடனின் பெரும்பகுதி கழகத்தின் தலையிலேயே சுமத்தப்பட்டது. எளிமையாகக் கூறின், வாங்கப்பட்ட பொருளே தன்னை வாங்குவதற்கான கடனையும் வட்டியையும் செலுத்த நேர்ந்தது. அவ்வட்டி இரசிகரின் நுழைவுப் பணத்திலிருந்தும் மேலங்கி வாங்கும் பணத்திலிருந்தும் வந்தது.

மரபுரிமை இவ்விடத்தில் ஒரு பொருளாதாரச் சொல்லாகின்றது. ஒரு கழகத்துக்கு 79 கோடி பவுண் விலை எவ்வாறு வந்தது? மைதானத்தின் நிலமும் கட்டடமும் மட்டும் அவ்விலையைத் தந்துவிடா. நியூட்டன் ஹீத் தொழிலாளர் முதல் மியூனிக்கில் மாண்டோர் வரையும், அவர்களைச் சூழ்ந்து நின்ற தலைமுறை தலைமுறையான பார்வையாளரும் சேர்ந்து உருவாக்கிய பற்றுதலே விலையாக மாற்றப்பட்டது. அப்பற்றுதலை உருவாக்கியோர்க்கு விற்பனையிற் பங்கேதும் இல்லை. நூதனசாலையை அடுத்தே கழகத்தின் பெருங்கடையும் அமைந்திருப்பது தற்செயலன்று. ஒன்றிற் கிளறப்படும் நினைவு மற்றதிற் பணமாகின்றது.

பச்சையும் பொன்னும் கலந்த நிறங்களின் பிற்கால வரலாறு இவ்விடத்திலே தொடங்குகின்றது. நியூட்டன் ஹீத் லீக்கிற் சேர்ந்த நூற்றாண்டை ஒட்டி, 1992இற் கழகம் அந்நிறங்களில் மேலங்கி தயாரித்து விற்பனை செய்தது. அப்போது அது மரபின் பெயரால் விற்கப்பட்ட பண்டம். 2010ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கழகத்தின் மீதான கடன் 70 கோடி பவுணுக்கு மேற்பட்டதெனத் தெரியவந்தபோது, ஆயிரக்கணக்கான இரசிகர்கள் சிவப்பு நிறத்தை விடுத்துப் பச்சை பொன் நிறக் கழுத்துத்துணிகளை அணிந்து அரங்கை நிறைத்தனர். புகையிரதத் தொழிலாளரின் நிறங்கள் உரிமையாளருக்கெதிரான எதிர்ப்புக் கொடியாயின. அவ்வாண்டு மார்ச்சில் இத்தாலியின் மிலான் அணியோடு வந்து ஆடிய டேவிட் பெக்கம், ஆட்ட முடிவில் தமது பழைய கழகத்து இரசிகர் எறிந்த அக்கழுத்துத்துணியை எடுத்து அணிந்துகொண்டமை உலகெங்கும் பேசப்பட்டது. பண்டமாக விற்கப்பட்ட நினைவு பண்டமாக்கலுக்கெதிராகவே திரும்பிய இந்நிகழ்ச்சியை, மரபு பற்றிய இயங்கியலின் சிறந்த எடுத்துக்காட்டெனத் தயங்காது கூறலாம்.

இரசிகருட் சிலர் மேலும் ஒருபடி சென்றனர். 2005ஆம் ஆண்டிலேயே அவர்கள் எப்.சி. யுனைற்றெட் ஒப் மஞ்செஸ்ரர் என்ற புதிய கழகத்தை நிறுவினர். ஓர் அங்கத்தவருக்கு ஒரு வாக்கு என்பது அதன் விதி. 2015இல் அவர்கள் தமக்கென அமைத்துக்கொண்ட மைதானம் மொஸ்ரன் பகுதியில், பழைய நியூட்டன் ஹீத்துக்கு அண்மையிலேயே அமைந்தது. லீக்கின் கீழ்ப்படிகளில் ஆடும் சிறு கழகம் அது. பேழைகளை நிறைக்கும் கிண்ணங்கள் அதனிடம் இல்லை. ஆனால் மரபையும் உரிமையையும் மீண்டும் ஒன்று சேர்க்க முனைந்த முயற்சி என்ற வகையில் அது கவனத்துக்குரியது.

இம்முயற்சிகளை மிகைப்படுத்துவதும் தவறாகும். எதிர்ப்பினால் உரிமை கைமாறவில்லை. 2012இற் கழகத்தின் பங்குகள் நியூயோர்க் சந்தைக்குச் சென்றன. 2024 பெப்ரவரியில் இரசாயனத் தொழிலதிபர் ஜிம் ரற்கிளிப் நான்கிலொன்றுக்கு மேற்பட்ட பங்கை வாங்கினார். பெரும்பான்மைப் பங்கு கிளேசர் குடும்பத்திடமே இருந்தது. அவ்வாண்டில் ஏறத்தாழ 250 பணியாளர் வேலையிழந்தனர். 2025 பெப்ரவரியில் மேலும் 150 முதல் 200 பேர் வரை நீக்கப்படலாம் என அறிவிக்கப்பட்டது. மறு மாதத்திலேயே, ஓல்ட் ட்ரபோர்ட்டை அடுத்து 100,000 பேர் அமரக்கூடிய புதிய அரங்கை எழுப்பும் திட்டம் வெளியிடப்பட்டது. மரபுரிமையின் பெயராற் காட்சி நடத்தும் நிறுவனம் அக்காட்சியின் அடித்தளமான தொழிலாளரை எவ்வாறு நோக்குகின்றது என்பதற்கு இந்நிகழ்ச்சிகளின் அடுத்தடுத்த வரிசையே போதிய விளக்கமாகும்.

6. முடிவுரை

விளையாட்டைப் பற்றி முற்போக்காளரிடையே இரு நோக்குகள் நிலவி வந்துள்ளன. ஒன்று, அது மக்களை மயக்கி அரசியலிலிருந்து திருப்பும் போதை என்பது. மற்றொன்று, அது வர்க்கங்களுக்கு அப்பாற்பட்ட தூய மனித மகிழ்ச்சி என்பது. இரண்டும் ஒருபக்கச் சார்பானவை. ட்ரினிடாட் நாட்டு மார்க்சியவாதியான சீ. எல். ஆர். ஜேம்ஸ் 1932இல் லங்காஷயரின் நெல்சன் என்னும் நெசவு நகருக்கு வந்து வாழ்ந்து, மஞ்செஸ்ரர் கார்டியன் பத்திரிகைக்குக் கிரிக்கெற் பற்றி எழுதியவர். 1963இல் வெளிவந்த தமது ‘பியோண்ட் எ பௌண்டரி’ என்னும் நூலில், ஆட்டக் களம் சமூக முரண்பாடுகள் வெளிப்படும் களமாகவும் அழகியற் படைப்பின் களமாகவும் ஒருங்கே அமைவதை அவர் நிறுவினார். உதைபந்தாட்டத்துக்கும் அந்நோக்குப் பொருந்தும்.

கழக நூதனசாலைகளை முற்றாகப் புறக்கணிக்க வேண்டுமென நாம் கூறவில்லை. மக்கள் கைபட்ட பொருள்கள் அங்கே அழியாது காக்கப்படுகின்றன. அது பயனுள்ள பணியே. காத்தலும் விளக்குதலும் ஒன்றல்ல என்பதே எமது வாதம். இலக்கிய வரலாற்றிலும் நாம் இதனைக் கண்டிருக்கின்றோம். புரவலரின் பெயரால் வகுக்கப்பட்ட காலங்களை ஏற்றுக்கொண்டவரை, ஏட்டைப் படியெடுத்தவரும் பாட்டை வாய்மொழியாகக் காத்தவரும் நமக்குத் தெரியவரவில்லை. வினாக்கள் மாறியபோதே வரலாறும் மாறிற்று.

ஆகவே ஓல்ட் ட்ரபோர்ட் போன்ற நூதனசாலையொன்றுக்குச் செல்வோர் சில வினாக்களை உடன்கொண்டு செல்லுதல் பயன்தரும். இம்மேலங்கியை அணிந்தவர் எந்தத் தொழிலிலிருந்து வந்தார். என்ன கூலி பெற்றார். காலொடிந்த பின்னர் எவ்வாறு வாழ்ந்தார்? இவ்வாட்டத்தைக் காண நின்றவர்கள் எந்த ஆலையிலிருந்து வந்தார்கள். அவர்களது பேரப்பிள்ளைகளால் இன்று நுழைவுப் பணம் செலுத்த முடிகின்றதா? இவ்வினாக்களுக்கான விடைகள் பேழைக்குள் இல்லாதிருக்கலாம். ஆனால் பச்சையும் பொன்னும் 2010இல் மீண்டும் உயிர்பெற்றமை, நினைவைப் பூட்டி வைப்பவர் அதன் பொருளையும் பூட்டிவைத்துவிட முடியாது என்பதை உணர்த்தியது. ஒரு மரபின் உண்மையான உரிமையாளர் யாவர் என்பதை முடிவுசெய்வது உரிமைப் பத்திரம் அன்று. அம்மரபைத் தம் போராட்டத்துக்குரியதாக்கிக் கொள்ளும் மக்களே அதனை முடிவுசெய்கின்றனர்.